கொப்பியின் பின்பக்கம்

சட்டையை வேலியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான்
வீட்டுக்குள் வரவேணும்.
கிளினிக் மிஸ் சொன்னது அது.
"வெட்டு மெசின் ஓட்டுறவன்ர சட்டையில
அரைவாசி வயல் இருக்கும், அண்ணை."
மாசி மாதம் முழுக்க வேலியில் தொங்கியது
என் மற்ற உடம்பு.

அன்றைக்கு மறந்துபோனேன்.
பதினெட்டு ஏக்கர் வெட்டி முடித்த பசி.
அபிநிலா ஓடிவந்து கழுத்தைக் கட்டினாள்.

இரவு பதினொன்றுக்கு
அவளுடைய நெஞ்சுக்குள் ஆரோ
ஓட்டைப் பம்பால் சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள்.
சுகிர்தா பிள்ளையின் உடுப்பை உயர்த்தி
போன் வெளிச்சத்தில் விலாவைப் பார்த்தாள்.
விலாவுக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது.
"எண்ணுங்கோ" என்றாள். முழுசாய் ஒரு நிமிசம்.
ஏக்கர் எண்ணுகிறவன், மூடை எண்ணுகிறவன்
ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன்.
கை நிற்கவில்லை.

கறன்ற் இல்லை.
ஓட்டோ மரியதாஸ் குளக்கட்டு மட்டும் போய்த் திரும்பி வந்தான்:
"யானை நிக்குது. ரெண்டு. குட்டியோட."
அதுவும் பிள்ளை வைத்திருக்கிறது,
ஹோர்ன் அடிக்க ஏலாது.

அப்போதுதான் நேசமலர் வந்தா,
இடுப்பில் குழந்தையைப் போல மெசினை ஏந்திக்கொண்டு.
மரணச் சங்கத்தின் பொருளாளர்.
பந்தல் தறப்பாளுக்கும் கதிரைக்குமென்று
வீட்டுக்கு நூறு ரூபாயாய்ச் சேர்ந்த காசு அது.
போன வருசக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டா:
"செத்த வீட்டுக்கு வாறவை இருக்கக் கதிரை வாங்கிறம்.
சாகாமல் இருக்க ஒண்டு வாங்கினால் என்ன?"
இரண்டு மணித்தியாலம் இழுபட்டது.
நானும் எதிர்த்துத்தான் கதைத்தேன்.
என்ர பிள்ளைக்கு அப்ப
இழுப்பு வரவில்லை.

தயாபரன் கடையைத் திறந்து ஜெனரேற்றரின் கயிறை இழுத்தான்.
நாலாம் இழுவையில் பிடித்தது.
வெங்காய மூடையில் சாய்ந்த தாயின் மடியில்
முகமூடிக்குள் அபிநிலா புகை குடித்தாள்.
மருந்தின் அளவு மல்லாவி டொக்டர் எழுதித் தந்த துண்டு,
கொப்பி மட்டையில் சோற்றுப் பசையால் ஒட்டிக் கிடந்தது.
நேசமலர் அதை இரண்டு தரம் வாசித்தா.
மூன்றாந்தரம் என்னை வாசிக்கச் சொன்னா, சத்தமாய்.

முன் வீட்டுக்காரி ஒருநாளும் எங்களோடு கதைப்பதில்லை.
எல்லைக் கல்லில் வந்த கோபம், மூன்று வருசம்.
சுடுதண்ணிப் போத்தலைக் கடை வாசலில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் நின்றாள்,
போகவும் இல்லை.

நாற்பத்தாறு.
நாற்பத்தொன்று.
முப்பத்தாறில் அபிநிலா முகமூடியைத் தள்ளிவிட்டு
தோடம்பழ இனிப்புப் போத்தலைக் காட்டினாள்.
அங்கே நின்ற எல்லாரும் ஒரே தரத்தில் சிரித்தார்கள்,
முன் வீட்டுக்காரியும்.

கொப்பியை நேசமலர் என்னிடம் நீட்டினா.
முன்பக்கம் செத்தவர்கள்:
திகதி, கதிரை எத்தனை, உடைந்தது எத்தனை.
தலைகீழாய்த் திருப்பினால் பிள்ளைகள்:
நேரம், முந்தின மூச்சு, பிந்தின மூச்சு.
இரண்டு பக்கமும் நடுவை நோக்கி வருகின்றன.
பிள்ளைகளின் பக்கம் கொஞ்சம் வேகம்.
எழுதினேன்:
அபிநிலா, நாலு வயது. 52. 36.
முகமூடி கழுவ வேண்டியவர்: அப்பா.

விடிய, யானை விலகினது.
பிள்ளை சுகமாய்த்தான் இருந்தாள்,
என்றாலும் மல்லாவிக்குப் போனோம்.
"காட்டத்தான் வேணும்" என்று நேசமலர்
ஓட்டோவில் ஏறி இருந்துவிட்டா.

திரும்பி வந்து முகமூடியைக் கழுவினேன்.
காயப்போட வேலிக்குக் கொண்டுபோனேன்.
அங்கே முந்தநாள் சட்டை, காற்றில்
கை அசைத்துக்கொண்டு.
முகமூடியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு
வீட்டுக்குள் திரும்பினேன்.